ஹேசல்நட்டுக்கு ஐஸ்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அதுவும் வேளாண்மை படிக்க. மீன்பிடிக்கிறவர் மகளுக்கு வயல் எதற்கு என்று கேட்கிறவர்களிடம், ஒரு ஹேசல்நட்தான் காரணம் என்பேன்.

அப்போது மூன்றாம் வகுப்பு. கப்பலில் வேலை பார்த்த மாமா, கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வரும்போது ஓட்டோடு ஒரு பை ஹேசல்நட் கொண்டுவந்தார். சாக்லேட்டுக்குள் இருக்கும் பருப்பு அதுதான் என்றதும், ஆறு கொட்டைகளை எடுத்துக்கொண்டு கொல்லையில் நடப் போனேன். மாமா சிரித்தார்.

“இது பனி கொட்டுற ஊர்ச் செடி. மூணு மாசம் குளிர்ல கெடந்தாத்தான் முளைக்குமாம். ஒங்க உப்புக்காத்துல எங்கன முளைக்கும்?”

நான் அழுதுவிட்டேன். விசைப்படகில் மீன்பிடிக்கப் போகும் அப்பா நிதானமாகக் கேட்டார்: “குளிருதானே மாப்ள வேணும்?”

பழைய தெர்மாகோல் பெட்டியின் அடியில் துளையிட்டு, ஆற்றுமணல் நிரப்பி, விதைகளைப் புதைத்தார். அன்றுமுதல் படகில் மிஞ்சிய ஐஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது.

“மீனுக்கு ஐஸ் வைப்பாவ, பாத்திருக்கேன். மண்ணுக்கு வைக்கிற மனுசன இப்பதான் பாக்கேன்” என்பாள் அம்மா.

“மண்ணு கெட்டுப்போவக் கூடாதுல்லா” என்பார் அப்பா.

மாமா கப்பலேறினார். அவர் திரும்பி வரும்போது செடியைக் காட்டி வாயடைக்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை. பள்ளி விட்டு வந்ததும் மணலைத் தொட்டுப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால்தான் சாப்பாடு இறங்கும்.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்து, விசைப்படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன. ஐஸ் மட்டும் தவறவில்லை. மே மாதக் கடைசியில் ஒரு விதை ஓடு பிளந்து வெள்ளை வேர் நீட்டியது. ஏழு இலை விட்டு, ஆடிக்காற்றில் கருகிப்போனது. மாமாவிடம் காட்ட ஒரு குச்சிதான் மிச்சம். அவர் அதைத் தொட்டுப் பார்த்து, “முளைக்க வச்சிட்டியள அத்தான்” என்றார்.

கல்லூரியில், விதைகளைக் குளிரில் வைத்து முளைக்கவைக்கும் முறையைப் படித்த அன்று பெருமை தாங்காமல் அம்மாவுக்குப் போன் செய்தேன். “அப்பா செஞ்சதத்தாம்மா இங்க பாடமா நடத்துதாங்க.”

அம்மா சொன்னாள்:

“தடைக்காலத்துல படகுல ஏதுளா ஐஸு? ஒங்கப்பா ஐஸ் கம்பெனிக்குக் கட்டி உடைக்கப் போனாவ. பாதிக் கூலிக்கு ஐஸா வாங்கிட்டு வருவாவ. நான் சண்டைகூடப் போட்டேன்.”

அந்த நாட்களில் ஒருநாள், அவர் கொண்டுவந்த சாக்கைப் பிரித்துப் பார்த்து, “இவ்வளவுதானாப்பா?” என்று நான் முகத்தைச் சுளித்தேன். நாளைக்குக் கூடக் கொண்டாறேன் என்று அவர் என் கன்னத்தைத் தொட்டார். குளிருது என்று அந்தக் கையைத் தட்டிவிட்டு விளையாட ஓடினேன்.