விலாசத்தைப் பார்த்து வந்த வியாதி

அறுபதுகளில் பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றின் ரிக்கார்டு அறையில் நான் குமாஸ்தா. வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளியின் கேஸ் பேப்பரைப் படித்து, வியாதிக்கு உரிய எண்ணைத் தடித்த புத்தகத்தில் தேடி, இரண்டையும் சர்டிபிகேட்டில் எழுதுவது என் வேலை. இலக்கியத்தில் பட்டம் வாங்கியவன். ஆழ்ந்து படிப்பதாக எனக்கு நினைப்பு. படித்தது விலாசத்தை மட்டும்தான்.

ஒரு காலையில் தாராவிப் பெண் ஒருத்தி சர்டிபிகேட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

“அய்யா, எங்க வீட்டுக்காரருக்கு டிபின்னுல்லா எழுதிருக்கு! மில்லுல உள்ள விட மாட்டேங்காவ. திங்கக்கெழமைக்குள்ள சரியான கடுதாசி கொண்டாரலன்னா வேற ஆளப் போட்டுருவாவளாம். கொழாயடியில பொம்பளையளுவ என்னயக் கண்டாலே ஒதுங்குதாளுவ. டாக்டரு நிமோனியான்னுதானய்யா சொன்னாவ?”

சர்டிபிகேட்டில் இருந்த அந்தக் கோணல் எழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். என்னுடையது.

கேஸ் பேப்பரை எடுத்தேன். டாக்டர் ‘மார்பில் தொற்று’ என்று அரைவரி கிறுக்கியிருந்தார். பின்னால் குத்தியிருந்த சளிப் பரிசோதனைத் தாளை யாரும் பிரிக்கவேயில்லை. பிரித்தேன். டிபி கிருமி இல்லை. நிமோனியாக் கிருமி இருந்தது. இப்படி அரைவரி வந்தால் மாடி ஏறி டாக்டரிடம் கேட்க வேண்டும். தாராவி விலாசமானால் ஏறாமலே டிபி என்று போட்டுவிடுவது எங்கள் அறையின் வழக்கம். முழங்காலுக்கு நல்லது.

ஹெட்கிளார்க்கிடம் சொன்னேன். பொடியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: “தாராவிக்காரன் இருமினா வேற என்ன ஓய் இருக்கும்? ஜானே தோ, விட்டுத் தள்ளும். சர்டிபிகேட்டைத் திருத்தினா ஆபீஸுக்குத்தான் கெட்ட பேர்.”

போன மழைக்காலத்தில் அவரே இருமிக்கொண்டு எங்கள் வார்டில் படுத்திருந்தார். அவருடைய பேப்பரையும் தேடி எடுத்தேன். அதே டாக்டர், அதே அரைவரி, அதே கிருமி, அதே பெனிசிலின். விலாசம் மட்டும் உத்தியோகஸ்தர்கள் குடியிருக்கும் மாதுங்கா. அன்றைக்கு நான் இரண்டு மாடி ஏறி டாக்டரைக் கேட்டு, எந்தக் கிருமியால் வந்த நிமோனியா என்பது வரை சுத்தமாக எழுதியிருந்தேன். அதே கோணல் எழுத்தில்! யார் மேல் முதலில் எரிந்து விழுவது என்றே புரியவில்லை.

இரண்டு பேப்பரையும் அவர் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். “நீங்க இருமினது மட்டும் என்னவாம் சார்?”

“என் பேப்பரை எடுக்க உமக்கு யார் பர்மிஷன் குடுத்தா?”

“மாடிக்குப் போய் டாக்டர்கிட்டயே கேட்டுண்டு வரேன்.”

டாக்டர் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். சர்டிபிகேட்டில் டிபியை அடித்து, நிமோனியா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரை நிமிடம் ஆகியிருக்காது. இந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு மனிதரை வேலையிலிருந்து துரத்தப் பார்த்திருக்கிறேன்.

புதிய எண்ணோடு சர்டிபிகேட்டைக் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க நல்லா இருக்கணும் அய்யா. மொதல்ல எழுதுனான் பாருங்க, அந்தப் பய வெளங்கவே மாட்டான்.”

“மாட்டான்மா” என்றேன்.

அது நான்தான் என்று சொல்லவில்லை. அதற்கு மாடிகூட ஏற வேண்டியிருந்திருக்காது.