அழுத்தத் தெரியாத விரல்

கடிகாரம் பழுது பார்க்கிறவருக்குத் தன் விரல்கள் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. தும்மினால் பறந்துவிடும் திருகாணியைக்கூட அலுங்காமல் எடுத்து வைப்பார். அதனால்தான் கைக்குழந்தையான மகளின் கண்ணில் மனைவியைக் கைவைக்க விடவில்லை. அவள் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள்.

"உன் கை உலக்கை. பிள்ளை கண்ணு என்ன மாவா?" என்றார். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறந்ததிலிருந்தே பிள்ளைக்கு இடக்கண்ணில் நீர் வடிந்தது. கண்ணீர் மூக்குக்கு இறங்கும் சின்னக் குழாய் திறக்கவில்லை என்றார் கண் டாக்டர். மூக்கோரக் கண்மூலையில் விரல் வைத்துக் கீழ்நோக்கி அழுத்தி நீவினால் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் சரியாகிவிடுமாம். இல்லையென்றால் மயக்கம் கொடுத்து, மெல்லிய கம்பி விட்டுத் திறக்க வேண்டும். அந்தக் கம்பிதான் இவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

காலையில் இமைகள் பீளையில் ஒட்டிக் கிடக்கும். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே துடைப்பு. அந்தப் பஞ்சு குப்பைக்கு, அடுத்ததற்குப் புதுசு. நகம் ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு நீவுவார். ஒரு வேளை தவறியதில்லை. பிள்ளையும் ஒருமுறைகூட அழுததில்லை, அதையும் தன் கைப்பதம் என்றே பீற்றிக்கொண்டார். பிறந்தநாள் நெருங்கியும் கண் வடிந்தபடியே இருந்ததால், இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போனார்கள்.

"எப்படிப் பண்றீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார் டாக்டர். காட்டினார்.

"சார், நீங்க தடவிக் குடுக்கறீங்க. அழுத்தவே இல்லையே. எலும்புப் பக்கமா நல்லா அழுத்தி இறக்கணும்."

அவருக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை மாதமும் பிள்ளையைச் சுகமாகத் தூங்கவைத்ததுதான் மிச்சம். மறுபடி முயன்றார், மூலைக்குப் போனதும் விரல் தானாகத் தளர்ந்தது. தொழில் பழக்கம் லேசில் போகுமா? மனைவி கை கழுவிவந்து, சுண்டுவிரல் நுனியை வைத்து அழுத்தி இறக்கினாள். பிள்ளை வீறிட்டது. மூலையில் மஞ்சளாகப் பீளை பிதுங்கியது.

"இதேதான். இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

அதன்பின் வீட்டில் அவள் அழுத்தினாள். இவர் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

"நீங்க வெளிய போங்க. உங்க மூஞ்சியப் பாத்துதான் அவ அழறா" என்பாள்.

ஒரு நாள் காலையில் பஞ்சோடு போய் நின்றார். இமை ஒட்டவில்லை. பிள்ளை இரண்டு கண்ணாலும் அவரைப் பார்த்தது. அன்றைக்கு அவர் நம்பவில்லை. மறுநாளும் நம்பவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "திறந்துடுச்சு, கம்பியெல்லாம் வேணாம்" என்ற பிறகும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க, வாங்க போலாம்."

"கொஞ்சம் இரு. கால் வரல."

"இத்தனை நாளா பயந்துட்டா இருந்தீங்க?"

"ஆமா."

"நானுந்தான்" என்று அவளும் பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.