மாமரத்தில் கட்டிய கயிறு

வீட்டு ஏஜெண்ட் லோகேஸ்வரன் வந்து முப்பத்தொரு படம் எடுத்தான். அதில் வீட்டுக்குக் கிடைத்தது மூன்றுதான், மிச்சமெல்லாம் தோட்டம். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜெலுத்தோங் சந்தில் இருந்த அந்த வீட்டில் கதவெல்லாம் கரையான். மழை வந்தால் கூடத்தில் மூன்று வாளி வைக்கவேண்டும். குளியலறைச் சுவரில் விரல் நுழையும் விரிசல். அதைப் படம் பிடித்து யாருக்குக் காட்டுவது? வெளியே வந்து நின்றால்தான் கண் குளிரும். வேலியோரம் சிவப்பு இட்லிப்பூ, ஒரு மூலையில் மஞ்சள் மூங்கில், தொட்டி தொட்டியாக ஆர்க்கிட், கறிவேப்பிலை, செராய்ப் புல், எல்லாவற்றுக்கும் நடுவே பந்தல் போட்டதுபோல ஒரு மாமரம்.

லினெட் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அவன் போன இடமெல்லாம் பின்னாலேயே போனாள்.

“ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க, உள்ளதைச் சொல்றேன். வீட்டுக்கு ஒரு மதிப்பும் இல்ல. இந்த கார்டன்தான் காசு. இது ஒண்ணுக்கே அறுபதாயிரம் வெள்ளி கூடக் கேக்கலாம் லா. ஒரு மாசத்துல போயிரும், பாருங்க.”

நல்ல சேதிபோலச் சொன்னான் பாவி. அந்த வீடு லினெட்டுடையது இல்லை. இருபத்துநான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். வீட்டுக்காரர் பழனியப்பன் நல்ல மனிதர். “நீங்க ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும் இருங்கம்மா” என்று வாயால் சொன்னார், காகிதத்தில் எழுதவில்லை. போன வருடம் அவர் கண்ணை மூடினார். கோலாலம்பூரில் இருக்கும் மகள் தனுஜா போன் செய்து, அண்ணன்மார் பங்கு கேட்கிறார்கள், விற்றுத்தான் ஆகவேண்டும், விற்கும் வரை இருந்துகொள்ளுங்கள் என்று வருத்தத்தோடுதான் சொன்னாள்.

ஆக, வீடு எவ்வளவு சீக்கிரம் விலை போகுமோ அவ்வளவு சீக்கிரம் லினெட் தெருவுக்கு வரவேண்டும். அதை விலை போக வைக்கப் போவது அவள் கையால் வைத்த தோட்டம். இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல!

குடிவந்த நாளில் அங்கே லாலாங் புல்லும் உடைந்த ஓடும்தான் கிடந்தன. அப்போது லினெட் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். தொழிற்சாலை வாசலில் தோட்டக் குத்தகைக்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசு நடுவார்கள். எறிந்ததைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுவாள். அந்த பஸ்ஸை ஓட்டியது அவள் கணவர் வில்லியம். “இது ஆளு ஏத்துற பஸ்ஸா, மண்ணு லோரியா?” என்று எல்லார் முன்னாலும் கத்துவார். வீட்டுக்கு வந்ததும் அவரே மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டுவார். மாமரத்துக்குக் குழி வெட்டியதும் அவர்தான்.

இப்போது வில்லியத்துக்குக் கண் தெரியாது. இனிப்பு நீர் நோய் முதலில் இடது கண்ணைக் கொண்டுபோனது, பிறகு வலதை. ஆறு வருடம் ஆகிறது. லினெட் பின்கதவிலிருந்து மாமரம் வரைக்கும் ஒரு நைலான் கயிறு கட்டினாள். தினம் காலை ஏழு மணிக்குக் காப்பி குடித்ததும் வெறுங்காலோடு அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பதினெட்டு எட்டு வைத்தால் மரம் வரும். மரத்தைத் தொட்டுவிட்டால் பிறகு கயிறு தேவையில்லை. வலது பக்கம் செராய்ப் புல்லின் எலுமிச்சை வாசம், இடது பக்கம் மூங்கில் உரசும் சத்தம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்கத் தானாகவே சுற்றுவார். யாரும் கையைப் பிடிக்கவேண்டாம். இருபத்துநான்கு மணி நேரத்தில் அவர் பழைய வில்லியமாக இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

போக்கிடம் இல்லாமல் இல்லை. மகன் ஜெஃப்ரி பாயான் லெப்பாஸில் பதினான்காவது மாடியில் இருக்கிறான். தங்கமான பிள்ளை. போன கிறிஸ்துமஸுக்கு அப்பாவையும் அம்மாவையும் ஒரு வாரம் கூட்டிக்கொண்டு போனான். இரண்டாம் நாள் வில்லியம் கழிவறை என்று நினைத்து வெளிக்கதவைத் திறந்துகொண்டு போய், யார் வீட்டுக் கம்பிக்கதவையோ பிடித்தபடி நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்தபோது கால்சட்டை நனைந்திருந்தது. மிச்ச நாளெல்லாம் நாற்காலியை விட்டு எழவில்லை; தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார். ஜெலுத்தோங்குக்குத் திரும்பி வந்து கயிற்றைத் தொட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். “இனிமே அங்க அனுப்புறதுன்னா, என்னைக் குழியில போட்டுட்டு நீ மட்டும் போ.”

வீடு கைமாறினால் வில்லியம் அந்த நாற்காலிக்குத்தான் போகவேண்டும். லினெட்டின் கண் முன்னால் அந்த நாற்காலிதான் நின்றது. சோறு வடிக்கும்போதும் நின்றது, செபமாலை சொல்லும்போதும் நின்றது.

முதலில் வந்தவர் கார் நிறுத்துமிடம் போட மனை தேடியவர். மாமரத்தை அண்ணாந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், போய்விட்டார். அன்று லினெட் நிம்மதியாகச் சாப்பிட்டாள். மறுவாரம் ஒரு டாக்டர் தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து, மரத்தடியில் நின்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியைப் பார்த்ததுமே லினெட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“ரொம்ப இண்ட்ரஸ்ட் ஆன்ட்டி” என்றான் லோகேஸ்வரன். “பேங்க் லோன் ஓக்கேன்னா ரெண்டு மூணு மாசத்துல சைன் பண்ணிருவாங்க.”

அன்றே லினெட் ஆர்க்கிட் தொட்டிகளைச் சந்துக்காரர்களுக்கு வாரிக் கொடுத்தாள். இட்லிப்பூவை வேரோடு பிடுங்கினாள். பிடுங்கும்போது அழுகை வந்தது, நிறுத்தவில்லை. அடுத்த தடவை வந்த டாக்டரம்மா வெறும் வேலியைப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு, பூச்செடி போனால் புதுசு வைத்துக்கொள்ளலாம், மரம் இருக்கிறதே, மரத்துக்காகத்தானே வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடியே போனாள்.

மரம் சாகவேண்டும் என்று லினெட் நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை. வேரடியில் உப்பைக் கொட்டி, மரம் கொஞ்சம் வாடினால் போதும். டாக்டர்கள் போய்விடட்டும், பிறகு வேரில் தண்ணீர் அடித்து உப்பை அலசி எடுத்துவிடலாம். முப்பது வருடம் தொழிற்சாலையில் அவள் செய்த வேலை அது. அமிலத் தொட்டியில் முங்கிக் கிடந்த சிப் தகட்டை எடுத்து நல்ல தண்ணீரில் ஏழு முறை அலசுவது. எந்த மருந்தில் கிடந்ததும் ஏழாவது அலசலில் சுத்தமாகிவிடும். அலசினால் போகாதது ஒன்றும் இல்லை என்று கை பழகிப் போயிருந்தது. மண் தொழிற்சாலைத் தொட்டி இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல அவள் யாரைக் கேட்டாள்?

ஜெலுத்தோங் பசாரில் ஒரே கடையில் வாங்கினால் கேள்வி வரும். ஐந்து கடையில், நான்கு நாளும், கடைக்கு இரண்டு கிலோவாகக் கல்லுப்பு வாங்கினாள்.

“எதுக்குக்கா இவ்வளவு உப்பு?”

“மாங்கா ஊறுகா லா. இந்த வருஷம் நல்ல காய்ப்பு.”

ஒரு மதியம் வில்லியம் படுத்திருக்கும்போது, மழை விட்ட ஈரத்தில், மரத்தைச் சுற்றி மண்ணைக் கொத்தி அத்தனையையும் கொட்டி மூடினாள். கொஞ்சம் வெளியிலும் சிந்தியது.

மறுநாள் காலை மரத்தடியில் வில்லியம் ஒரு காலைத் தூக்கித் தடவிப் பார்த்தார். “என்னமோ குத்துது லினெட்.”

“மணலுங்க. மழையில அடிச்சுக்கிட்டு வந்திருக்கு.”

வில்லியம் விரலை உதட்டருகே கொண்டுபோனார். மீசையைத் தடவுகிறார் என்று லினெட் நினைத்துக்கொண்டாள்.

ஐந்து வாரத்தில் இலை நுனியெல்லாம் கருகியது. அடுத்த இரண்டு வாரத்தில் மரம் இலையைக் கொட்டத் தொடங்கியது. டாக்டரம்மா வந்தாள், மொட்டைக் கிளையைப் பார்த்தாள், புல்லில் இறங்காமலே காரில் ஏறிவிட்டாள். அன்று மாலை லோகேஸ்வரன் போனில் சுருதி இறங்கிப் பேசினான். “அவங்க வேணாம்னுட்டாங்க ஆன்ட்டி. சீக்கு மரமாம். விலையைக் குறைச்சும் பாத்தாச்சு.”

லினெட் மாதா படத்தின் முன்னால் முழங்காலில் விழுந்து நன்றி சொன்னாள். எழுந்த கையோடு ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். ஏழு நாள் அலசினாள். மரம் இலை கொட்டுவதை நிறுத்தவில்லை. இன்னும் ஏழு நாள் அலசினாள். அலசிய தண்ணீர் உப்பைத் தூக்கிக்கொண்டு தோட்டமெல்லாம் பரவியது. கறிவேப்பிலை போனது. செராய்ப் புல் வைக்கோலாகிப் போனது.

“லினெட், வலது பக்கம் தெரியலையே” என்றார் வில்லியம். மரத்தடியில் நின்றுகொண்டு, மூக்கை உயர்த்தி உயர்த்தி வாசம் தேடினார். லினெட்டுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மனிதர் கையில் ஒன்றும் இல்லை என்றானதும் புக்கிட் மெர்தாஜாமுக்குக் கிளம்பினாள். பஸ் பிடித்து, ஃபெரி ஏறி, மறுபடி பஸ் பிடித்துப் புனித அன்னம்மாள் கோயிலுக்குப் போனாள். திருநாள் கூட்டம் இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமை. எல்லாரும் நோய்க்குத் தீர்த்தம் பிடித்துப் போவார்கள். லினெட் மரத்துக்குப் பிடித்தாள். இரண்டு பெரிய போத்தல். “தாயே, நான் கொல்ல நினைக்கல. கொஞ்சம் அசிங்கமாக்கத்தான் பாத்தேன். அந்த மனுசனுக்காகத்தான் செஞ்சேன்” என்று சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

முதல் போத்தலை அவள் ஊற்றினாள். இரண்டாவதை வில்லியம் கைநீட்டிக் கேட்டு வாங்கி, சிலுவை போட்டுக்கொண்டு, வேரைத் தடவித் தடவி ஊற்றினார். மரத்துக்கு என்ன சீக்கு என்று அவர் கேட்கவில்லை. நாற்பது கிலோ உப்புக்குப் பத்து லிட்டர் தீர்த்தம். ஒரு மாதம் பார்த்தார்கள். ஒரு துளிர்கூட வரவில்லை.

வந்தது லோகேஸ்வரன். வாயெல்லாம் பல்.

“ஆன்ட்டி, வித்தாச்சு! அந்தக் கார் பார்க் ஆளு ஞாபகம் இருக்கா? அவருதான்.”

“அவருதான் மரத்தைப் பாத்துட்டு வேணாம்னு போயிட்டாரே தம்பி?”

“அதான் ஆன்ட்டி மேட்டரே. இவ்வளவு பெரிய பச்சை மரத்தை வெட்டணும்னா கவுன்சில் பெர்மிட் வேணும். இழு இழுன்னு இழுப்பாங்க. அதுக்குப் பயந்துதான் ஓடினாரு. செத்த மரத்துக்கு அந்தத் தொல்லையே இல்ல. போன வாரம் இந்தப் பக்கம் போனவரு மரத்தைப் பாத்துட்டு அவரே கூப்பிட்டாரு லா. தனுஜா அக்காவும் சரின்னுட்டாங்க. விலை கம்மிதான், என்ன பண்றது? உங்களுக்கு முப்பது நாள் டைம் இருக்கு. மரத்தை மட்டும் இந்த வாரமே எடுத்துருவாங்க. கூரை மேல விழுந்துட்டா ஆபத்து.”

லினெட் மொட்டைக் கிளைகளை அண்ணாந்து பார்த்தாள். இத்தனை நாளும் காவல்காரன்போல வாசலில் நின்று அந்த ஆளைத் தடுத்தது மரம். அதன் காலடியில் தன் கையாலேயே உப்பைக் கொட்டி, கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். டாக்டர் வாங்கியிருந்தாலாவது மரம் நின்றிருக்கும். யாரைத் திட்டுவது?

சனிக்கிழமை இயந்திர ரம்பத்தோடு நாலு பேர் வந்தார்கள். லோரி உள்ளே வரவேண்டும் என்று மூங்கிலை முதலில் சாய்த்தார்கள், பிறகு மரத்தை. வில்லியம் அறைக்குள் உட்கார்ந்து வானொலியை உச்சத்தில் வைத்துக்கொண்டார். என்ன சத்தம் என்று கேட்கவில்லை. மதியம் சாப்பிடவும் இல்லை. ஆட்கள் போன பிறகு மரத்தூளில் கிடந்த கயிற்றை லினெட் தேடி எடுத்தாள். ஒரு முனை இன்னும் பின்கதவில்தான் இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணி. காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு வில்லியம் எழுந்து பின்கதவை நோக்கி நடந்தார். லினெட் அவருக்கு முன்னால் ஓடிப்போய், அடிக்கட்டையின் பக்கத்தில் நின்று, கயிற்றின் முனையைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

கயிறு அசைந்தது. வருகிறார். பதினாறு, பதினேழு, பதினெட்டு. பட்டையைத் தேடி நீண்ட கை அவள் தோளில் பட்டது. கை பின்வாங்கவில்லை. தோளிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து நனைந்த கன்னத்துக்கு வந்து நின்றது.

“எத்தனை கிலோ போட்ட?” என்றார் வில்லியம்.

“நாப்பது.”

“அன்னைக்கே கால்ல பட்டுச்சு. நாக்குல வச்சும் பாத்தேன்.” கன்னத்து ஈரத்தை விரலால் துடைத்தார். “எனக்கும் அந்தப் பதினாலாவது மாடிக்குப் போகப் பயம் லினெட். அதான் வாயைத் திறக்கல.”

பிறகு அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். “சரி. நீ இங்கயே நில்லு. நான் ஒரு சுத்து போயிட்டு வர்றேன்.”

கையை எடுத்துவிட்டு நடந்தார். ஏழெட்டு எட்டு வைத்தார். வலது பக்கம் மூக்கை உயர்த்தினார். இடது பக்கம் காதைச் சாய்த்தார். நின்றுவிட்டார். இரண்டு கைகளும் காற்றில் எதையோ தேடின.

“லினெட்,” என்றார், “எந்தப் பக்கம் இருக்க? குரல் குடு.”

லினெட் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.