வௌவால் சாறு

என் தாய்மாமன் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. இறந்தவர்மீது சினம் கொள்ளலாகாது என்று பூசையில் கேட்கும்போதெல்லாம் தலையசைக்கிறேன். ஆயினும் அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் என்மீது பேரன்பு கொண்டவர். அதுவே என் சினத்தை மிகுவிக்கிறது.

நாற்பதுகளின் முற்பகுதி, போர்க்காலம். மயிலாப்பூரில் மாதா கோவிலை ஒட்டிய தெருவில் வாழ்ந்தோம். ஒன்பது வயதுச் சிறுமியான எனக்கு இழுப்பு நோய். நான்கு படி ஏறுவதற்குள் நெஞ்சு சீழ்க்கையடிக்கும். பிற பிள்ளைகளோடு ஓடியாட இயலாத எனக்கென்று இருந்தது ஒரு குகை. சைதாப்பேட்டைக்கு அப்பால், அடையாற்றங்கரைப் பாறைகளுக்கிடையே, அங்குள்ள கோவில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போன ஒரு நாளில் அதைக் கண்டேன். உள்ளே நூற்றுக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கின. தாய் வௌவால்கள் சிறகைப் போர்வையாக்கிக் குட்டிகளை மார்போடு பொதிந்திருந்தன. ஒரு குட்டி மட்டும் சிறகை விலக்கி என்னை உற்றுப் பார்த்தது.

எவரிடமும் நான் சொல்லவில்லை. இழுப்புக்கு வௌவால் சாறு கைகண்ட மருந்து என்பது எங்கள் தெருவின் அசையாத நம்பிக்கை. ஆனால் ஒருநாள் வௌவால் பேச்சு எழுந்தபோது மாமா என் முகத்தைப் படித்துவிட்டார்.

"இன்னா கண்ணு, மாமாவாண்டயே மறைக்கிறியா? எங்க கீதுன்னு மட்டும் சொல்லு. செபமாலை மேல ஆணை, ஒண்ணு மேலயும் கை வைக்கமாட்டேன்."

சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் துவைகல்லின்மேல் இறக்கிய சாக்கு அசைந்தது. குகைவாயில் மிளகாயும் தேங்காய்மட்டையும் இட்டுப் புகைமூட்டி, நொச்சிக்குப்பத்தில் இரவல் வாங்கிய வலையை விரித்திருக்கிறார். மருந்துக்கு ஒன்று போதும். சாக்கு நிறையக் கொணர்ந்திருந்தார். செத்த தாயின் மார்பை ஒரு குட்டி விடாமல் பற்றியிருந்தது.

"செபமாலை மேல ஆணை வச்சீங்களே, மாமா!"

"நான் எங்கடி கை வச்சேன்? வலைதானே வச்சேன்!"

அவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அச்சிரிப்பு இன்றும் என் செவியில் எரிகிறது.

ஏழு நாள் சாறு வைத்தார்கள். "மூக்கைப் புடிச்சுக்கினு ஒரே மடக்கு" என்று அம்மா குவளையை நீட்டுவாள். நான் அதைக் கொல்லைப்புறம் கொண்டு சென்று முருங்கையின் வேரில் கவிழ்த்துவிட்டு, உதட்டைத் துடைத்தவாறு திரும்புவேன். ஒரு துளியும் பருகவில்லை. மாமாவை நான் ஏமாற்றிவிட்டேன் என்ற செருக்கு என் வயிற்றை நிறைத்தது.

கோடை பிறந்தபோது இழுப்பு நின்றது. சில பிள்ளைகளுக்கு அது வளர்ச்சியிலேயே தணிந்துவிடும் என்று பின்னாளில் ஒரு மருத்துவர் சொன்னார். மாமாவோ ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் என்னைக் கோவில் வாசலுக்கு இழுத்துச் செல்வார்.

"கண்ணு, அந்தக் கொடிமரம் வரிக்கும் ஓடிக் காட்டு!"

ஓடினேன். மூச்சிரைக்காமல் திரும்பினேன். இழுப்புப் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து நின்ற தாய்மார்கள் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார்கள். ஆழ்வார்பேட்டையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு வாரமும் மாமா சாக்கோடு புறப்பட்டார். ஒவ்வொரு முறை ஓடும்போதும், 'இந்த மூடருக்கு ஒன்றும் தெரியாது' என்று எனக்குள் நகைத்துக்கொண்டேன்.

அடுத்த திருவிழாவன்று குகைக்குச் சென்றேன். எச்சத்தின் நெடிகூட இல்லை. கூரையில் புகைக்கரி மட்டும் படிந்திருந்தது. ஒன்றுகூட எஞ்சவில்லை. அந்த வெறுமையின்கீழ் நின்று, எனக்குத் தெரிந்த வசைகளையெல்லாம் திரட்டி, மாமாவை உரக்கச் சபித்தேன். பாறைகள் எதிரொலிக்க நெடுநேரம் கத்தினேன். மூச்சு சிறிதும் தடைப்படவில்லை.

"நான் குடிக்கவே இல்லை" என்னும் மூன்று சொற்களைக் கோவில் வாசலில் ஒரு ஞாயிறு உரைத்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.