முட்டை போட்டுப் பார்த்தல்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றின் பின்புறம், வேப்பமர நிழலில், எட்டுப் பெண்கள் தாங்கள் தைத்த மெத்தை விரிப்புகளைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். எல்லாம் பழைய சேலைகளை அடுக்கித் தைத்தவை. நானும் மூன்று மாதம் தைத்த ஒன்றை மதுரையிலிருந்து சுமந்து வந்திருக்கிறேன். பிரித்துக் காட்டியதும், நடுவிலிருக்கும் தாமரையை எப்படித் தைத்தேன் என்று மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அப்போது அந்த எட்டுப் பேரில் ஒருவரான, கோழிப்பண்ணை வைத்திருக்கும் சரசக்கா ஒரு முட்டையோடு வருகிறார்.

"முட்டை எதுக்குக்கா?"

"மெத்துனு இருக்குதான்னு பாக்கத்தானுங்க. இடுப்பு உசரத்துல இருந்து போடோணும். உடையலீன்னா பாஸுங்க."

அவருடைய விரிப்பில் முட்டை தொப்பென்று விழுந்து, உருண்டு, முழுசாகக் கிடக்கிறது. அதையே எடுத்து என் விரிப்புக்கு மேலே பிடிக்கிறார். மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

பச்சக்!

தாமரையின் நட்டநடுவில் மஞ்சள் கரு. ஒருவரும் சிரிக்கவில்லை. சரசக்கா என் தோளைத் தட்டுகிறார்.

"உங்க தையல்ல ஒரு குத்தமும் இல்லீங்க. எங்க கோழிகதான் இப்பச் சரியில்லீங்க."

"ஆமாங்க" என்று மற்ற ஏழு பேரும் கோழிகளைத் திட்டத் தொடங்குகிறார்கள்.