பதினாறு முன்னங்கால்கள்

"சாம்பார் இன்னும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுச் சோலையம்மாள் கரண்டியோடு நிற்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் அறைத்தோழி விஜயம் வேண்டாமென்று தலையாட்டி முடித்தாயிற்று. சோலையம்மாள் நகரவில்லை. மனசுக்குள் பத்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

"ஏண்டி, நான்தான் வேணாம்னுட்டேனே. இன்னும் எதுக்கு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிற?"

விஜயம் அதட்டிய பிறகுதான் அடுத்த தட்டுக்குப் போகிறாள். விடுதியில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. யாரிடம் எதைக் கேட்டாலும் பத்து எண்ணும்வரை காத்திருப்பாள். இரண்டு மாதமாக இந்தப் பழக்கம்.

பசுமலையில் ஆசிரியர் பயிற்சி, இரண்டாம் ஆண்டு. வயது இருபது. பேரையூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் களையெடுத்துப் பிழைக்கும் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினால்தான் அவளுக்குப் பேச்சே வரும். கண்ணில் படுவதையெல்லாம் கணக்காக்குவாள். டவுன் பஸ்ஸில் நின்றபடி, உட்கார்ந்திருப்பவர் எத்தனை, நிற்பவர் எத்தனை, பழங்காநத்தத்தில் பாதிப்பேர் இறங்கினால் மிச்சம் எத்தனை என்று முணுமுணுப்பாள். "யார்கூடம்மா பேசுற?" என்று ஒரு கண்டக்டர் கேட்டேவிட்டார்.

அவள் படித்த பள்ளியில் கணக்கு என்றால் வாத்தியார் எழுதிப்போடுவார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். வழியை நெட்டுருப் போட்டே தேறியவள் சோலையம்மாள். பயிற்சிக்கு வந்த முதல் வாரம் தர்மாம்பாள் டீச்சர் கணித வகுப்பில், "கணக்கக் குடுங்க, வழியக் குடுக்காதீங்க. பிள்ளைங்களே யோசிச்சுக் கண்டுபிடிக்கட்டும்" என்றார். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "எங்களுக்கு இப்படி ஒருத்தரு வாய்க்கலையே. எம்புட்டு வழி கண்டுபிடிச்சிருப்போம்!" என்று விஜயத்திடம் மாய்ந்துபோனாள்.

கற்பித்தல் பயிற்சிக்குத் திருமங்கலம் சாலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அவளுக்கு ஐந்தாம் வகுப்பு ஒதுக்கினார்கள். கடைசி நாள், கடைசி பெஞ்சில் மதிப்பெண் தாளோடு தர்மாம்பாள் டீச்சர் வந்து உட்கார்ந்தார். சோலையம்மாள் ஒரு வாரமாக யோசித்துவைத்த கணக்கைக் கரும்பலகையில் எழுதினாள். ஒரு தோட்டத்தில் ஆடும் கோழியுமாக இருபது. கால்களை எண்ணினால் ஐம்பத்தாறு. ஆடு எத்தனை?

"எப்படி வேணும்னாலும் போடலாம்."

நோட்டுகள்மேல் தலைகள் கவிழ்ந்தன. சற்று நேரம் கழித்து ஒச்சாயி எழுந்தாள். பள்ளிவிட்டால் ஆடு மேய்க்கப் போகிறவள்; அந்த வகுப்பில் அதுவரை வாய் திறந்ததில்லை.

"எட்டு, டீச்சர்."

"எப்படி?"

"ஆடெல்லாம் முன்னங்காலத் தூக்கி வேலிமேல வச்சுக்கிட்டுக் கொழை திங்குது டீச்சர். அப்ப..."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எவனோ ஆடுபோலக் கத்தினான். கடைசி பெஞ்சில் தர்மாம்பாள் டீச்சர் குனிந்து எதையோ எழுதுவது தெரிந்தது. சோலையம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"கணக்கக் கேட்டா கதை சொல்றியா? உக்காரு."

ஒச்சாயி உட்கார்ந்தாள். சோலையம்மாள் பலகைப் பக்கம் திரும்பி, தானே வழியை எழுதிப்போட்டாள். எல்லாமே கோழி என்று வைத்துக்கொண்டால் நாற்பது கால். மிச்சம் பதினாறு. ஆட்டுக்கு இரண்டு கால் கூடுதல், ஆகவே எட்டு. பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். 'வகுப்புக் கட்டுப்பாடு மிக நன்று' என்று குறித்து, தர்மாம்பாள் டீச்சர் நல்ல மதிப்பெண்ணே போட்டிருந்தார்.

மாலையில் திரும்பும்போது ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. சாலையோரத்து வேலியில் நாலைந்து வெள்ளாடுகள் பின்னங்காலில் எழும்பி நின்று குழை மேய்ந்துகொண்டிருந்தன. சோலையம்மாள் சும்மாதான் பார்த்தாள். தரையில் ஆட்டுக்கு இரண்டு கால். கோழிக்கும் இரண்டு கால். இருபதுக்கும் சேர்த்துத் தரையில் நாற்பது. மிச்சப் பதினாறும் வேலிமேல். எட்டு ஆடு.

பலகையில் தான் எழுதியதும் அதுதான் என்று உறைத்தது. கேட் திறந்து பஸ் கிளம்பியது. பசுமலை நிறுத்தத்தில் இறங்க மறந்து அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தாள்.

"'அப்ப'ன்னு சொன்னாடி. அதுக்குப் பெறகுதான் கணக்கே இருந்துச்சு. நான் கேக்கவே இல்ல" என்று விஜயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பத்து எண்ணத் தொடங்கியது மறுநாள்தான்.

அடுத்த புதன்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு அந்தப் பள்ளிக்கே போனாள். சாப்பாட்டு இடைவேளை. ஒச்சாயியை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"அன்னைக்கு ஆடு வேலியில ஏறுச்சுன்னு சொன்னேல்ல, அது சரிதான்த்தா. நாந்தான் புரியாம வஞ்சுட்டேன். மிச்சத்தையும் சொல்லு."

ஒச்சாயி திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் நாலைந்து தலைகள்.

"அது சும்மா வெளாட்டுக்குச் சொன்னது டீச்சர்."

"இல்லத்தா. நெசமாவே நல்லாருந்துச்சு. சொல்லு."

"இப்ப எனக்குச் சரியாத் தெரியும் டீச்சர்" என்று உள்ளே ஓடி நோட்டை எடுத்து வந்தாள். தரையில் மண்டியிட்டு, "எல்லாமே கோழின்னு வச்சுக்கணும்" என்று ஒப்பித்துக்கொண்டே எழுதினாள். பலகையில் இருந்தது வரிக்கு வரி அப்படியே வந்தது. விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, எழுந்து, இரண்டு கையாலும் நோட்டை நீட்டினாள்.

சோலையம்மாள் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். நுனி தாளைத் தொட்டபடி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'சரி' போட்டுக் கொடுத்தாள்.