நியூட்ரலில் இறங்கிய வண்டி

எந்தச் சுமைக்கு எந்த லாரி என்று யாராவது கேட்டால் இப்போது என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும். திராட்சை ஏற்ற நீளமான பாடியும் வேகமும் போதும். எம்-சாண்ட் என்றால் பின் அச்சு தடியாக இருக்க வேண்டும், குறைந்த சுற்றிலேயே இன்ஜின் இழுக்க வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை இறக்கை கொண்டுவரும் ட்ரெய்லர் சமவெளியில் ராஜா; குமுளி மலையின் கொண்டை ஊசி வளைவில் அதைத் திருப்பவே முடியாது. பழைய பம்ப் வைத்த இன்ஜினை வழியில் எந்த மெக்கானிக்கும் பிரித்துவிடுவான். கம்ப்யூட்டர் வைத்தது ஏற்றத்தில் நன்றாக இழுக்கும், கோளாறு வந்தால் கம்பெனி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். இவ்வளவும் நான் ஒரு வருடத்துக்குள் படித்தது. ஆசையில் படிக்கவில்லை, பயத்தில் படித்தேன்.

உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். என் மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, ஓட்டினால் லாரிதான் ஓட்டுவேன் என்று திரும்பி வந்தான். பழைய பத்துச் சக்கர வண்டி ஒன்றை வாங்கினோம். எங்கள் பக்கத்துக் கூடலூரில் முட்டைக்கோஸ், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மலையேறிக் கேரளாவில் இறக்குவான். திரும்பும்போது வண்டி காலி. எங்கள் பக்கத்து லாரிகள் பெரும்பாலும் அப்படித்தான்: நிறைந்து ஏறும், காலியாக இறங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். இறக்கத்தில் அவன் மூன்றாவது கியரிலேயே வந்தான். இன்ஜின் கத்தியது. காது வலித்தது.

"காலி வண்டிதானடா. எதுக்கு இன்ஜினப் போட்டு இந்தப் பாடு படுத்துற? நியூட்ரல்ல விடு. மேல ஏத்துன ஆற்றல் அப்படியே இருக்கு, அதுவே எறக்கிவிட்டுரும். டீசலாவது மிச்சமாகும்" என்றேன்.

வகுப்பில் சொல்வதைப் போலத்தான் சொன்னேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு கியரை நடுவில் தள்ளினான். கத்தல் நின்றது. காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் மட்டும் கேட்டன. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. சத்தம் குறைந்தால் செலவும் குறையும் என்று நம்பினேன். அன்றிலிருந்து ஒரு நோட்டில் ஒவ்வொரு நடைக்கும் எத்தனை லிட்டர் என்று அவனைக் கேட்டு எழுதினேன். குறைந்துகொண்டு வந்தது. என் கணக்கு சரிதான் என்று ஆசிரியர் அறையில்கூடச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் அவனுக்குத் திரும்பும் லோடு கிடைத்தது. வெட்டிய ரப்பர் மரத் தடிகள். காலையில் குமுளி தாண்டி இறங்கியிருக்கிறான். வழக்கம்போல நியூட்ரல். காலி வண்டிக்குப் போதுமாக இருந்த பிரேக், தடி ஏற்றிய வண்டியை மூன்றாவது வளைவு வரைதான் தாங்கியது. பிரேக் லைனிங் கருகும் வாடை வந்ததும் கியரைப் போடப் பார்த்திருக்கிறான். அந்த வேகத்தில் கியர் விழவில்லை. எதிரே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள். அவன் வண்டியை மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் உரசியே நிறுத்தினான்.

அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அந்தப் பெண்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. அவர்களில் ஒருத்தியின் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் "உள்ளேன் ஐயா" என்று சொல்லும்வரை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

விபத்தன்று நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நொறுங்கிய கேபினுக்குள் எட்டிப் பார்த்தேன். கியர்த் தண்டு நடுவில், லேசாக ஆடிக்கொண்டு நின்றது.

அதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. வண்டிதான் பழசு என்றேன், எல்லாரும் தலையாட்டினார்கள். தோள் ஆறியதும் மகன், "வேற வண்டி பாப்பம்ப்பா" என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் கேட்பானே. அதனால்தான் படிக்க ஆரம்பித்தேன். இழுவை, கியர்ப் பல் விகிதம், பிரேக் டிரம்மின் அகலம். சரியான வண்டி கிடைத்துவிட்டால் அந்த நடுத்தண்டு என் கண்ணை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ.

"பரிச்சப் பேப்பரத் திருத்தாம இன்னும் லாரியவே பாத்துக்கிட்டு இருக்கீக" என்றாள் மனைவி. "ஓட்டப் போறது நீங்களா, அவனா?"

தேனியில் ஒரு ஷோரூமுக்கு நானும் மகனும் போனோம். என் கையில் ஏழு பக்கம் குறிப்பு. விற்பனைக்கு நின்ற பையன் பொறுமையாகப் பதில் சொன்னான். கடைசியாக, மலை இறங்கும்போது டீசல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்டேன்.

"கியர்ல போட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டா குடிக்கவே குடிக்காது சார். சக்கரம்தான் இன்ஜினச் சுத்தும். நியூட்ரல்ல விட்டாத்தான் இன்ஜின் அணையாம இருக்கக் கொஞ்சம் குடிக்கும்."

"புது இன்ஜின்லயா?"

"பழசுலயும் அப்படித்தான் சார்."

நான் குறிப்பை மடித்துப் பையில் வைத்தேன். டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று மகனை வெளியே அழைத்துப் போனேன்.

"உனக்கு இது தெரியுமாடா?"

"எது?"

"கியர்ல எறங்குனா டீசல் செலவில்லன்னு."

அவன் வடையைப் பிய்த்தான். "டிப்ளமோவுல மொத வருசமே சொல்லிக் குடுத்தாகளே."

"அப்பறம் ஏன் நியூட்ரல்ல விட்ட?"

"நீங்க சொன்னீக. வாத்தியார எதுத்துப் பேசி யாரு முட்டி போடுறது?" சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தினான். "மொத ரெண்டு நடை சும்மா உங்களுக்காகத்தான்ப்பா. அப்பறம் கை பழகிருச்சு."

"நோட்டுல கொறஞ்சுதான வந்துச்சு?"

"நாந்தான் கொறச்சுச் சொன்னேன். எழுதும்போது உங்க மூஞ்சி அப்படி ஒரு சந்தோசமா இருக்கும்."

டீ ஆறிப்போனது. "அன்னைக்கு லோடு வண்டின்னு உனக்கு ஞாபகம் இல்லையா?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டது வேறு.

"நான் சொன்னதாலதான் இது ஆச்சு. உனக்குத் தெரியும்ல?"

"கையி என்னோடதுப்பா" என்றான். வடைக் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, "ஆனா சொன்னது நீங்கதான்" என்றான். கோபம் இல்லாமல்தான் சொன்னான். யாராவது அதைச் சொல்ல வேண்டும் என்று நான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது.

திரும்ப உள்ளே போனதும் அவன் விற்பனைப் பையனிடம், "எக்ஸாஸ்ட் பிரேக் போட்டா எப்படிக் கத்தும்னு எங்கப்பாவுக்குக் கேக்கணும்ண்ணே" என்றான். இறக்கத்தில் இன்ஜினை வைத்தே வண்டியை இழுத்துப் பிடிக்கும் பிரேக் அது. வெளியே நின்ற வண்டியில் ஏற்றி உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார்கள். அந்த வண்டியையே எடுத்தோம். என் ஏழு பக்கத்தில் அது இரண்டாவது இடத்தில்தான் இருந்தது.

போன மாதம் புது வண்டியில் முதல் முறையாகத் திரும்பும் லோடு. அதே ரப்பர் தடி. நானும் வருகிறேன் என்றேன், மறுக்கவில்லை. குமுளி தாண்டியதும் வண்டியை நிறுத்தி, மூன்றாவது கியரில் போட்டு மெதுவாக இறங்கத் தொடங்கினான். இன்ஜின் கத்தியது. அந்தப் பாறையில் இன்னும் எங்கள் பழைய வண்டியின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. எதிரே ஒரு ஜீப் ஏறி வந்தது. முக்காடு போட்ட தலைகள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஹாரன் கேட்டது, கடந்து போனது.

மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் வந்து ரோடு மட்டமானது.

"கைய எடுங்கப்பா" என்றான் மகன். "நாலுக்கு மாத்தணும்."

அப்போதுதான் பார்த்தேன். கியர்த் தண்டின் மேல், அது நடுவுக்கு வந்துவிடாதபடி, என் கை அழுத்திக்கொண்டிருந்தது. எந்த வளைவில் அங்கே போனது என்று தெரியவில்லை. எடுக்கச் சொன்ன பிறகும் எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவன் மூன்றிலேயே ஓட்டிக்கொண்டு காத்திருந்தான்.